உங்கள் தங்கை ஆவிகளோடு பேசுவது பற்றி

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம், அங்கே அனைவர் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் என் வழக்கம். இந்த முறை முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. உங்கள் தங்கை நலமாகத்தான் இருக்கிறாள். மூன்று வேளையும் சாப்பிடுகிறாள், முட்டி வலிகூடக் குறைந்திருக்கிறது. எனக்குத்தான் நான்கு நாளாக ராத்தூக்கம் இல்லை. அண்ணன் என்றால் அவளுக்கு இன்றும் ஒரு பயம் உண்டு. ஆகவே இக்கடிதம் கண்டதும் கிளம்பி வந்து, "போதும், நிறுத்து" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். விஷயம் என்னவென்றால், அவள் ஆவிகளோடு பேசுகிறாள்.

பதறாதீர்கள். கடைசி வரை படித்துவிட்டு மொத்தமாகப் பதறலாம். எல்லாம் கீழ்த்தளத்துத் தையல்காரரால் வந்தது. போன வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார், துக்கம் கேட்கப் போனோம். ஊரார் துணியெல்லாம் வெட்டினது வெட்டினபடி கிடக்கிறது, அளவு நோட்டைக் காணோம் என்று அவர் மனைவி அழுதார். உங்கள் தங்கை கண்ணை மூடினாள். "மெஷினுக்குப் பின்னால, பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள" என்றாள். இருந்தது. இருபது வருடமாக அங்கே துணி கொடுத்து வாங்குகிறவளுக்கு நோட்டு இருக்கும் இடம் தெரியாதா? இதை நான் அங்கேயே சொன்னேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. படியேறும்போது, "உனக்கு முன்னமே தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? அவரு சொன்னாரு."

"எவரு?"

"அதான், தையல்காரரு."

சொல்லிவிட்டு என்னை முந்திக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். மறுநாள் காலை வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

மின்சார ஆபீஸில் அவள் இருபத்தாறு வருடம் புகார் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும். எவன் வந்து மேசையைத் தட்டிக் கத்தினாலும், "சொல்லுங்க, கேக்குறேன்" என்பாளாம். அதே "சொல்லுங்க, கேக்குறேன்"தான் இப்போது எங்கள் முன்னறையில் நடக்கிறது. அன்றைக்கு வந்தவர்களுக்குக் கரண்ட் போயிருந்தது, இன்றைக்கு வருகிறவர்களுக்கு ஆள் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை எனக்கு அடுப்படி வாசம். டோக்கன் கொடுப்பதும் டீ போடுவதும் என் வேலை. இருமக் கூடாது. குக்கர் வைக்கக் கூடாது, விசில் அடித்தால் வந்தவர்கள் மிரண்டு போய்விடுவார்களாம். ஊரில் உள்ள ஆவியெல்லாம் வரலாம், குக்கர் ஆவிக்கு மட்டும் அனுமதியில்லை!

போர்டு வைக்க வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. 'இங்கு ஆவி பார்க்கப்படும்' என்று எழுதி மாட்டினாள். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். இந்த வாசகம் சரியில்லை, வம்பில் கொண்டுபோய் விடும் என்று சொன்னேன். மூன்றாம் நாள் ஒருவர் தோளில் துண்டோடு வந்து, "ஒரு வாரமா மூக்கடைப்பும்மா, எவ்வளவு நேரம் ஆவி புடிக்கணும்?" என்று கேட்டார். உங்கள் தங்கை அவரையும் விடவில்லை. என்னை வெந்நீர் போடச் சொல்லி, துண்டுக்குள் அவர் தலை இருந்த நேரத்தில், காலமான அவருடைய பெரியப்பா என்ன சொல்கிறார் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மூக்கும் மனசும் ஒருசேரத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார் மனிதர்.

என்னாலும் ஒரு தவறு நடந்தது, மறைக்கவில்லை. காலமான தமிழ் வாத்தியார் ஒருவரின் மகள் வந்திருந்தார். உங்கள் தங்கை குரலைக் கனமாக்கிக்கொண்டு, "சுவற்றில் இருக்கிற கடிகாரத்தை மட்டும் யாருக்கும் குடுத்துடாதேம்மா" என்றாள். நான் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருந்ததா? "சுவற்றில் இல்லை, சுவரில்!" என்று கத்திவிட்டேன். தொழிலே முடிந்தது என்று நினைத்து வடிகட்டியும் கையுமாக நின்றேன். முன்னறையில், "அப்பா!" என்று ஓர் அலறல். "எங்கப்பாவேதான்! இப்படித்தான் குறுக்க விழுந்து திருத்துவாரு!" என்று அந்தப் பெண் அரை மணி நேரம் தேம்பியது. அதற்கப்புறம் கூட்டம் இரண்டு மடங்கு.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஊரில் எல்லார் வீட்டு அம்மாவும் வருகிறாள், என்னைப் பெற்றவள் மட்டும் ஏன் வரவில்லை? ஒருநாள் நானும் ஒரு டோக்கனை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். "சொல்லுங்க, கேக்குறேன்" என்றாள், யாரோ அந்நியனிடம் சொல்வது போல. சொன்னேன். பத்து நிமிடம் கண்ணை மூடியிருந்தாள்.

"யாரும் வரலீங்க."

"நல்லாப் பாரு. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"அடுத்தவங்க காத்துட்டு இருக்காங்க, எழுந்திரிங்க."

நம்பாதவனுக்கு இதில் என்ன வருத்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும், மச்சான். நான்கு நாளைக்கு முன்னால் நடந்ததுதான் என்னை இப்படி எழுத வைக்கிறது. மூன்றாம் மாடியில், எங்கள் தலைக்கு மேல், ஓர் அம்மா தனியாக இருக்கிறார். ஒரே மகன், சரக்குக் கப்பலில் வேலை. இரண்டரை வருடமாக ஒரு தகவலும் இல்லை. கம்பெனிக்கு எழுதினால், 'விவரம் கிடைத்ததும் தெரிவிப்போம்' என்று ஒரே வரியில் பதில். அந்த அம்மா வந்து உட்கார்ந்து, "அவன் அந்தப் பக்கம் இருக்கானான்னு மட்டும் பாத்துச் சொல்லும்மா" என்றார். உங்கள் தங்கை முகம் வெளுத்துப்போனதை முதல் தடவையாகப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கண்ணைத் திறக்கவில்லை. டோக்கன் வாங்கினவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள், நான் போட்ட டீ ஆடை கட்டிப் போயிற்று. கடைசியில், "அவன் இங்க இல்லம்மா" என்றாள்.

அந்த அம்மா அன்றைக்கே மகன் அறையைக் கழுவிவிட்டார். புது மெத்தையுறை வாங்கினார். ஜன்னலில் அவன் சட்டைகள் காய்கின்றன. நாளைக்கே கம்பெனியிலிருந்து வேறு மாதிரிக் கடிதம் வந்தால் என்ன செய்வது? தபால்காரர் படியேறும் சத்தம் எங்கள் தளத்தைத் தாண்டி மேலே போனால் நான் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறேன். நேற்று பொறுக்க முடியாமல் அடுப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க, தெரியுதா? அவன் நிஜமாவே செத்துப் போயிருந்தா?"

"நான் பொய் சொல்லலீங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. இல்லைன்னு சொன்னேன்."

"மத்தவங்களுக்கெல்லாம் கேட்டுதே?"

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக, "எவருக்கும் கேட்டதில்லைங்க. இந்த ஒரு வருஷத்துல நான் சொன்ன ஒரே நிஜம் அதுதான்" என்றாள்.

"அப்போ எங்கம்மா?"

"உங்ககிட்ட எப்படிங்க நடிக்கிறது?"

அதற்கு மேல் எனக்குக் கோபப்பட வரவில்லை. தேய்த்து வைத்ததைத் துடைத்து அடுக்கினேன். ஆனால் பயம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவளாக நிறுத்த மாட்டாள், நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீங்கள் வந்து போர்டைக் கழற்றச் சொல்லுங்கள். மூன்றாம் மாடி அம்மாவிடம் பக்குவமாக உண்மையை எடுத்துச் சொல்லவும் உங்களைப் போல ஒரு பெரியவர் வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், நன்றாகப் படித்து, நல்ல உத்தியோகமாகப் பார்த்து அமர என் ஆசிகள்.

இப்படிக்கு,
அடுப்படியிலிருந்து எழுதும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாம் மாடி அம்மாவே வந்துவிட்டார். இவள் உள்ளே படுத்திருந்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, "அம்மா, மன்னிச்சுக்கணும், அவளுக்கு யார் குரலும் கேக்காது" என்று உளறிவிட்டேன். அந்த அம்மா, "தெரியுமே" என்றார். "எனக்கென்ன வயசு பத்தா? என் கூடப் பொறந்தவனே, புள்ளை துணிமணியை யாருக்காவது குடுத்துடுன்னுட்டான். கம்பெனிக்காரன் ஒரே வரியில கை கழுவிட்டான். இத்தனை பேருல ரெண்டு மணி நேரம் கண்ணை மூடிட்டு என் புள்ளையத் தேடுனது உங்க வீட்டம்மா ஒருத்திதான். அடுத்த வாரமும் எனக்கு ஒரு டோக்கன் போட்டு வைங்க. இல்லைன்னு சொல்லணும். வாரா வாரம் சொல்லணும்." நான் எழுதிக்கொண்டேன். ஆகவே தாங்கள் கிளம்ப வேண்டாம். எழுதின தாளை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடவும். உங்கள் தங்கைக்குத் தொண்டை கட்டிவிட்டதால், நாளைக் காலை முதல் இரண்டு டோக்கனுக்கு நான்தான் உட்காருகிறேன். கண்ணை முழுவதும் மூடிக்கொள்ள வேண்டுமா, பாதி போதுமா என்று அவளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.