புகைக்குப் பேசிய பேரம்

பெரிய பெரிய நாடுகள் கூடி உட்கார்ந்தும் தீர்க்க முடியாத புகைப் பிரச்சினையை எங்கள் கடைத்தெரு ஒரே பிற்பகலில் தீர்த்துவைத்தது. வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

நாங்கள் பரம்பரை பரம்பரையாக ‘உள்ளது உள்ளபடி’ கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள். அப்பா குத்திய சின்னத்தில்தான் மகனும் குத்துவான். ‘பருவநிலை’ என்று யாராவது ஆரம்பித்தாலே எங்களுக்கு எதிர்க்கட்சி வாடை அடிக்கும். இன்னொரு கொள்கையும் உண்டு: யார் எதைச் சொன்னாலும் முதல் விலைக்குப் படியமாட்டோம்.

நகராட்சி அதிகாரி வந்திருந்தார். எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவரின் ஜவுளிக்கடையில் கூட்டம். கடைக்குப் பின்புறம் டீசல் ஜெனரேட்டர். அதற்கு நேர் மேலே ஒரு ஜன்னல். பிரசவத்துக்கு வந்த தலைவரின் மகளும் கைக்குழந்தையும் தங்கியிருந்தது அந்த அறையில்தான். பிறந்ததிலிருந்தே குழந்தைக்கு இழுப்பு. தலைவர் அதைச் ‘சாதாரணச் சளி’ என வகைப்படுத்தி, சங்கத்தின் சார்பில் வருத்தமும் தெரிவித்திருந்தார்.

“இந்தத் தெருவோட டீசல் புகையைப் பாதியாக் குறைக்கணும். சோலார் தகடு நாங்களே மாட்டித் தர்றோம்,” என்றார் அதிகாரி.

“பாதியா! நியாயமாச் சொல்லுங்க சார்,” என்றார் பாத்திரக்கடைக்காரர்.

“இது விலை இல்லைங்க.”

“முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. கால்வாசி போட்டுக்குங்க.”

அதிகாரி தலைவரிடம் திரும்பினார். “ஐயா, மேல உங்க பேத்திக்கே மூச்சு...”

“குடும்பத்தை இழுக்காதீங்க தம்பி. கொள்கை வேற, குழந்தை வேற.”

கூட்டம் மெய்சிலிர்த்தது. அந்த வேகத்தில், கட்டுப்படியாகாது என்று எல்லோரும் எழுந்து வாசலை நோக்கி நடந்தோம். திரும்பக் கூப்பிடாத வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. சொந்தக் கடையிலிருந்தே வெளிநடப்புச் செய்கிறோம் என்பது படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. நல்லவேளை, அதிகாரி கூப்பிட்டுவிட்டார்.

“ஒண்ணுமே குறைக்க வேணாம். ஆளை விடுங்க!”

“அப்போ கொசுறு?” என்றேன் நான்.

“கொசுறா?”

“இவ்வளவு நேரம் பேசி முடிச்சிருக்கோம், வெறுங்கையோட அனுப்புவீங்களா? இன்னொரு ஜெனரேட்டருக்கு அனுமதி குடுங்க.”

கொடுத்தார். கொசுறை அதே ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, ரிப்பன் வெட்டி, ஓடவும் விட்டோம். “எங்க தாத்தா காலத்துலயும்தான் வெயில் அடிச்சுது!” என்று தலைவர் முழங்கிக்கொண்டிருந்தபோது, மகள் தெருவிலிருந்து குழந்தையோடு வந்தாள்.

“அப்பா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன். இந்தக் காத்துல வச்சிருந்தா பிள்ளை பிழைக்காதாம். ஊரை விட்டே கூட்டிட்டுப் போகச் சொல்றார் டாக்டர்.”

தலைவர் பேத்தியைப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தச் சின்ன மார்பு குழி விழுந்து எழுந்ததை நாங்களும் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஊரை விட்டேவா? அடுத்த தெரு வரைக்கும் போனாப் போதுமான்னு கேட்டுப் பாரும்மா.”

என்ன உறுதி! எப்பேர்ப்பட்ட தலைவர்! நாங்கள் கைதட்டினோம், விடாமல் தட்டினோம். நிறுத்தினால் குழந்தையின் இழுப்பு காதில் விழுந்துவிடுமே.