வடக்கு மூலை மூன்று அங்குலம்

போட்டிகளை நடத்தும் லீக் அலுவலகம் அனுப்பிய கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோது கத்பர்ட்டுக்குக் காது மடல்வரை சூடேறிவிட்டது.

"தரை சரிவா இருக்காம்! அது நிஜம்னா இனிமே நம்ம மன்றத்துல ஆட்டமே கிடையாதாம். சனிக்கிழமை ஒருத்தன் அளக்க வர்றானாம்!"

"நீதானய்யா எழுதின," என்றார் மேட்டி.

மேட்டி கத்பர்ட்டோடு இருபது வருடம் சுரங்கத்தில் கரி வெட்டியவர். அவர் ஒருவர்தான் இப்படிப் பேசலாம்.

எழுதியதும் உண்மைதான். மன்றத்துக்குள் நீளக் கம்பளம் விரித்து, குட்டி வெள்ளைப் பந்தைக் குறிவைத்துக் கனத்த பந்துகளை உருட்டும் பிளாக்தார்ன் குழுவுக்கு இந்த வருடம் ஐம்பது வயது. பொன்விழா மலரில் வரலாறு எழுதியது கத்பர்ட். 'எழுபத்தொன்றில் மன்றத்துக்கு அடியில் இருந்த கரியை வெட்டினோம். வடக்கு மூலை மூன்று அங்குலம் இறங்கியது. அந்தச் சரிவு எங்கள் கைக்குத் தெரியும், வெளியூர்க்காரன் கைக்குத் தெரியாது. முப்பத்தோரு வருடமாக இங்கே எங்களை எவனும் ஜெயித்ததில்லை.'

வந்த குழுவெல்லாம் சரிவுக்கு ஈடுகட்டித்தான் உருட்டும். பந்து கம்பளத்தை விட்டே இறங்கி ஓடும். பிளாக்தார்ன்காரர்கள் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பெருமையில் மலரின் ஒரு பிரதியை லீக் அலுவலகத்துக்கே அனுப்பியிருந்தார்.

ஆட்டம் போனால் மன்றமும் போகும். சுரங்கம் போயிற்று, கடைகள் போயின, பேருந்தும் நின்றது. மிச்சம் இந்த மன்றம்தான். அதற்கும் பூட்டுப் போட அறங்காவலர்கள் ஒரு சாக்குக்குக் காத்திருந்தார்கள்.

"அந்தக் கரி எவன் வீட்டு அடுப்புல எரிஞ்சுது? அவன் குளிர்காய என் மன்றம் இறங்குச்சு. இப்ப வந்து கோணல்னு சொல்றானா?"

அன்றே கத்பர்ட் பதில் எழுதினார்: சரிவெல்லாம் கிடையாது, சும்மா கதை.

மூன்றாம் நாள் பதில் வந்தது: பொய் எழுதியதாக ஒப்புக்கொள்கிறீர்களா? அப்படியானால் அந்த முப்பத்தோரு வருட வெற்றியையும் விசாரிக்க வேண்டும்.

"நான் பொய்யனா!" மேசையில் ஒரு குத்து. உடனே இன்னொரு கடிதம்: ஒரு சொல்லும் பொய்யில்லை, இதோ சுரங்கத்தின் அளவு வரைபடம்.

மேட்டி தலையில் கைவைத்தார். "சரிவு இருக்குன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்ட."

"இருந்தா என்ன? வரும்போது இருக்காது!"

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு கிழவர்களும் தரைக்கடியில் தவழ்ந்து போனார்கள். வடக்கு மூலையில் ஜாக்கி வைத்து ஏற்றினார்கள்.

"ஒரு ரசமட்டம் வச்சுப் பார்த்துடலாமே?" என்றார் மேட்டி.

"என் கையால வெட்டின இடத்துக்கு எனக்கே ரசமட்டமா? மூணு அங்குலம்னா மூணு அங்குலம்தான். ஆப்பை அடி!"

பலகைகள் முனகின. முட்டுக் கொடுத்துவிட்டு மேலே வந்தால் வடக்குக் கதவு திறக்கவில்லை. திட்டிக்கொண்டே கதவின் அடியைச் சீவினார்கள்.

"நடந்தா ஒரு மாதிரி இருக்கே, கத்பர்ட்."

"அம்பது வருஷம் சரிவுல நடந்த காலு. மட்டம் அதுக்குப் புதுசு. வாயை மூடிட்டு நட."

சனிக்கிழமை பெம்பர்ட்டன் என்ற அளவுக்காரர் வந்தார். குட்டிப் பந்தை வடக்கு மூலையில் வைத்துக் கையை எடுத்தார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு யாரும் தொடாமலே கிளம்பி, மன்றம் முழுக்க உருண்டுபோய், தெற்குப் பக்கம் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வின்னியின் காலில் முட்டி நின்றது.

பெம்பர்ட்டன் மட்டக் கயிறு கட்டி, அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தார். "சரியா மூணு அங்குலம். வரைபடத்துல இருக்கிற மாதிரியே. ஆனா வடக்கு இறங்கலையே, ஏறியில்ல நிக்குது? எப்படியோ, கோணல் கோணல்தான். பட்டியல்ல இருந்து எடுத்துடுறேன்."

"எப்படிய்யா கோணல்?" கத்பர்ட் தொண்டை கிழியக் கத்தினார். "அதான் தூக்கியாச்சே! நேத்துதானே மூணு அங்குலம் தூக்கினோம்!"

வாய் தவறி வந்துவிட்டது. மேட்டி கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்பது வருடமாக அங்கே தேநீர் போடும் வின்னி கெட்டிலைக் கீழே வைத்தாள். "தூக்கினீங்களா? எதுக்குப்பா? முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி, சுரங்கத்தை மூடாதேன்னு நீங்க எல்லாரும் லண்டனுக்கு ஊர்வலம் போனீங்களே, அந்த வாரமே சுரங்கக் கம்பெனி ஆளுங்க வந்து தரையை மட்டம் பண்ணி, அதே பலகையைத் திருப்பிப் போட்டுட்டாங்களே. நீங்க திரும்பி வந்த மூஞ்சியைப் பார்த்து யாரு அதைச் சொல்றது?"

"உளறாத வின்னி! சரிவு இல்லாமலா இத்தனை வருஷம் ஜெயிச்சோம்?"

"சரிவுல ஆடின பதினெட்டு வருஷமும் தோத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க, மட்டம் ஆனப்புறம்தான் இல்லாத சரிவை நம்பி வந்தவனெல்லாம் தோத்தான்."