முருகன் துணையும் இடது மரையும்

முப்பது வருட அரசுப் பணியில் நான் கற்றது ஒன்றுதான்: விதிமுறைப்படி செய்த தவறை யாராலும் தவறு என்று நிரூபிக்க முடியாது. மாமனாரால் முடியும்.

எண்பதுகளின் கடைசி. நான் தர்மபுரியில் இளநிலைப் பொறியாளர். திருமணமாகி ஒரு வருடம். (மாமனார் கணக்கில் தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை.) அவர் பாப்பாரப்பட்டியில் புது வீடு கட்டினார். வாசல் நிலைக்கு மேலே உள்ள திறப்பில், உள்ளும் புறமும் தெரியும்படி வைக்கும் தேக்குப் பலகையில் 'முருகன் துணை' என்று செதுக்க ஆசாரியைத் தேடிப் புறப்பட்டவரை நான் மறித்தேன்.

"ஆசாரி வேண்டாங்க மாமா. கம்ப்யூட்டர் சொல்லும், மெஷினே செதுக்கிரும். நான் செஞ்சு தரேன்."

ஃபியூஸ் போடக்கூட ஆள் கூப்பிடுகிற மருமகனை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "செய்ங்க மாப்ள. பலகை ஒன்னுதான் இருக்குது. அத மட்டும் நெனப்புல வெச்சுக்கங்க."

இன்று இப்படிச் செதுக்கும் இயந்திரத்தை சி.என்.சி. ரௌட்டர் என்று கடையிலேயே விற்கிறார்கள். அன்று, பெங்களூரில் பழைய சாமான் கடையில் வாங்கிய சின்னக் கம்ப்யூட்டர், இரண்டு மோட்டார்கள், ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரை, இவ்வளவுதான் என் தொழிற்சாலை. மோட்டார் சுற்றினால் வெட்டும் தலையை நகர்த்த திருகாணிபோல் மரை போட்ட இரும்புத் தண்டுகள் வேண்டும். அதற்குத்தான் கரீம் பாயின் லேத் பட்டறைக்குப் போனேன்.

மற்றவர்கள் தேய்ந்த பாகத்தை நீட்டி "இதே மாதிரி ஒன்னு" என்பார்கள். நான் மூன்று பிரதிகளில் வரைபடம் நீட்டினேன். கீழே நிபந்தனைகள்; மூன்றாவது: 'எழுத்துபூர்வ ஒப்புதலின்றி எந்த மாற்றமும் கூடாது.' பாய் அதை இரண்டு முறை படித்தார்.

"சார், குறுக்க ஓடற தண்டுக்கு எடது மரை போட்டிருக்கீங்க. இன்னொன்னுக்கு வலது. சரிதானுங்களா?"

"வரைபடத்துல என்ன இருக்கோ அதச் செய்யுங்க பாய்."

"இல்லீங்க, தலை எதிர்ப்பக்கம் ஓடுமே."

"மூணாவது நிபந்தனை படிச்சீங்களா?"

"படிச்சேனுங்க," என்றார் பாய். வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

இயந்திரத்தைப் பூட்டி முறைப்படி சோதித்தேன். வேறொரு பழைய பலகையின் நடுவிலிருந்து ஒரு சதுரம், ஒரு வட்டம். இரண்டும் அப்பழுக்கில்லாமல் வந்தன. (சதுரத்தை இடம் வலமாக மாற்றிப் போட்டாலும் சதுரம்தான் என்று என் சோதனைப் படிவத்தில் பத்தி எதுவும் இல்லை.) எனக்கு நானே சான்றிதழ் எழுதிக் கையொப்பமிட்டேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மத்தியானம், உறவுக்காரர்கள் சூழ, புது வீட்டுக் கூடத்தில் இயந்திரம் ஓடியது. பட்டறையிலிருந்து பாயும் பார்க்க வந்திருந்தார். நான் பலகைக்கு முதுகு காட்டி நின்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள," என்றார் மாமனார், "வலப்பக்கமிருந்து ஆரம்பிக்குதே."

"அது டெக்னிக்கல்ங்க மாமா."

முடிந்ததும் மரத்தூளை ஊதினேன். சுத்தமான, ஆழமான, அழகான எழுத்துகள். கண்ணாடியில் தெரிவதுபோல் அத்தனையும் திரும்பி நின்றன. மாமியார், "சாமி பேரு இப்படியா," என்று கையை நெஞ்சில் வைத்தார். விடிந்தால் முகூர்த்தம். மனைவி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

பாய் தன் துணிப்பையிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு தண்டை எடுத்தார். "வலது மரையிலயும் ஒன்னு செஞ்சு வெச்சிருந்தேனுங்க, சார். எழுத்துல கேட்டாத் தரலாம்னு."

நான் அந்தச் செய்தித்தாளின் ஓரத்திலேயே எழுத்துபூர்வ ஒப்புதல் கொடுத்தேன். பாய் அதைக் கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். தண்டை மாற்றினோம். பலகையைப் புரட்டி மறுபக்கம் செதுக்கினோம். பொழுது சாய்வதற்குள் பலகை நிலைமேல் ஏறிவிட்டது.

மறுநாள் விருந்தாளிகள் வாசலில் 'முருகன் துணை' என்று நேராகப் படித்தார்கள். உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால், அதே இடத்தில் அதே எழுத்துகள் பின்புறமாக. மரத்தையே ஊடுருவி வெட்டியதுபோல் இருந்தது. பென்னாகரத்துப் பெரியப்பா ஒருவர் விரலை விட்டுப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்துல வெட்டுனா அந்தப் பக்கம் தெரியுது பாருங்க," என்றார் மாமனார், முகம் மாறாமல். "எங்க மாப்ள மெஷின் அப்படி."

அன்று என் தகுதிகாண் பருவம் முடிந்தது. நிபந்தனை மட்டும் இன்றுவரை நீங்கவில்லை. ஓய்வு பெற்றும் பல வருடமாகிறது. வருமான வரிப் படிவமோ ரயில் முன்பதிவோ, எதையாவது நான் அடித்துச் சொன்னால் மனைவி அடுக்களையிலிருந்தே கேட்பாள்:

"பலகைக்குப் பின்னாடி பாத்துட்டீங்களா?"