கேனால் எங்கே போகிறது?

ஆங்கிலம் அறவே தெரியாதவர்கள் யாரையும் வழிதவற விட்டதில்லை. கையைக் காட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் ஆபத்தானவர்கள். இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் 2007இல் சிதம்பரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவள் நான்.

மாடியில் ஓர் அறை, பதினோரு மாணவர்கள், சுவரில் ஒரு சார்ட். சார்ட்டில் ஒரு வாத்து. அது ஆற்றைக் கடக்கும், கரையோரமாக நடக்கும், குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வரும், மரத்தைத் தாண்டிப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டு: அக்ராஸ், அலாங், த்ரூ, பாஸ்ட். குச்சியை நீட்டி நீட்டி அதை நான் நடத்தும் அழகே தனி. ஆனால் வாயைத் திறந்து பேசினால் அந்த வாத்து செய்த அத்தனை வேலைக்கும் எனக்கு ஒரே சொல்தான் வரும்: கிராஸ். (நம் ஊரில் லாரியை முந்தினாலும் கிராஸ்தான், கோடு சாய்ந்திருந்தாலும் கிராஸ்தான்.)

அந்த வருடம் என் அக்கா ஜெயந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய மேலதிகாரி, ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரர், கல்யாணத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா இதைப் பத்திரிகையில் அச்சடிக்கவில்லையே தவிர, காடாம்புலியூரில் இருக்கும் தன் சொந்தபந்தம் முழுவதற்கும் சொல்லி முடித்திருந்தார். மண்டபத்தின் முதல் வரிசையில் வெல்வெட் துணி போர்த்திய ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் தெரியாமல் உட்கார்ந்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

மண்டபம் சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகும் சாலையில், ஊர் முடியும் இடத்தில் இருந்தது. முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. ஹாரிஸ் முதல் நாளே கடலூர் வந்து லாட்ஜில் தங்கி, விடிந்ததும் வாடகைக் காரில் கிளம்பியிருந்தார். எட்டரைக்கு மாப்பிள்ளையின் செல்போன் அடித்தது. அவர் மணவறையில் ஐயர் முன்னால் இருந்ததால் சம்பந்தி எடுத்தார். ‘ஹலோ’ வரை சமாளித்தார். பிறகு போனைப் பாம்பைப் போலத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“பொண்ணோட தங்கச்சி எங்க? இங்கிலீஷ் டீச்சர்ன்னாங்களே!”

வாங்கினேன். வாங்கியதும் ஸ்பீக்கரைப் போட்டேன். (தேவையே இல்லை. ஆனால் என் மாணவர்கள் ஏழு பேர் பந்தலில் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டாமா?)

ஊருக்குள் நுழைந்தாயிற்று, எதிரே ஒரு பெட்ரோல் பங்க் தெரிகிறது என்றார் ஹாரிஸ்.

“கிராஸ் தி பெட்ரோல் பங்க்!” என்றேன்.

“கிராஸ் இட்?”

“யெஸ், யெஸ். கிராஸ் இட் அண்ட் கம்!”

ஐந்து நிமிடத்தில் மறுபடி போன். பங்க்குக்குள் ஒரு வழியாக நுழைந்து மறு வழியாக வெளியே வந்துவிட்டாராம். திரும்பவும் அதே சாலையில்தான் நிற்கிறாராம். பெட்ரோல் போடுகிறவர் ஏதோ கோபமாகச் சொல்கிறாராம். நான் பொறுமையாக விளக்கினேன். கிராஸ் என்றால் உள்ளே போகக் கூடாது, நிற்கக் கூடாது, பக்கத்தில் விட்டுவிட்டு நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஹாரிஸ் நல்ல மாணவர். உடனே பிடித்துக்கொண்டார்.

“ஆ! கிராஸ் மீன்ஸ் கீப் கோயிங்!”

பக்கத்தில் என் முதல் பெஞ்ச் மாணவர் தனசேகர் நின்றிருந்தார். மருந்துக்கடைக்காரர், ஐம்பது வயது. “மிஸ், அது பாஸ்ட் இல்லியா? வாத்து மரத்தத் தாண்டிப் போவுமே...” என்று இழுத்தார்.

“சார், போன் பேசிட்டிருக்கேன்ல!”

அடுத்தது வாய்க்கால். குறுக்கே ஒரு வாய்க்கால் வரும், அதைக் கடக்காமல் அதன் ஓரமாகவே வர வேண்டும். இதை நான் இப்படிச் சொன்னேன்:

“நௌ தி கேனால் வில் கிராஸ் யூ. டோன்ட் கிராஸ் தி கேனால். கோ வித் தி கேனால்.”

மறுமுனையிலிருந்து மிக மரியாதையாக ஒரு கேள்வி வந்தது.

“அண்ட் வேர் இஸ் தி கேனால் கோயிங்?”

“குமராட்சி!” என்றேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன். (தண்ணீர் உண்மையில் குமராட்சிப் பக்கமிருந்து நம் ஊருக்குத்தான் வருகிறது. அதையும் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன்.)

கடைசியாக மண்டபத்து வாசல். சாலையோரத்தில் பூ அலங்காரத்தோடு பெரிய வளைவு வைத்திருந்தோம். அதற்குள் நுழைந்து வர வேண்டும். “யூ வில் சீ எ பிக் ஃபிளவர் ஆர்ச். கிராஸ் தி ஆர்ச். வீ ஆர் ஆல் தேர்!”

தனசேகர் வாயைத் திறந்தார். நான் முறைத்தேன். மூடிக்கொண்டார்.

பன்னீர்ச் சொம்போடு வளைவுக்குக் கீழே போய் நின்றேன். சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் மெதுவாக வந்தது. பின் சீட்டில் சிவந்த முகம் ஒன்று. அது வளைவைக் கவனமாகப் பார்த்தது, என்னையும் பார்த்தது, தலையை ஆட்டியது, நேராகப் போய்விட்டது. கோயில் பார்க்க வந்த வேறு யாரோ வெள்ளைக்காரர் என்று நினைத்துக் கையசைத்தேன்.

அதன் பிறகு போன் கிடைக்கவில்லை. ஒன்பதே முக்கால் ஆனது. “அவுரு வரட்டும், அப்பறம் தாலி கட்டலாம்” என்று சம்பந்தி நின்றுவிட்டார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். “வழி சொல்லத் தெரியாதவுங்க வூட்ல பொண்ணு எடுத்திருக்கோம்” என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு குரல் கேட்டது. அப்பா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“என்னாடி சொன்ன அந்தாளுகிட்ட?”

“கரெக்டாதாம்ப்பா சொன்னேன்.”

மணவறையிலிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பத்து மணிக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கர் இன்னமும் போட்டபடியே இருந்தது.

“வீ கிராஸ்ட் தி ஆர்ச். வீ கிராஸ்ட் எவ்ரிதிங்,” என்றார் ஹாரிஸ் சோர்வாக. “தேர் இஸ் ஒன்லி பேடி.” (சுற்றிலும் நெல் வயல்தானாம்.)

அப்போது போனில் வேறொரு குரல் வந்தது.

“யம்மா, டிரைவர் பேசறேன். உனுக்குத் தமிழ் தெரியுமா?”

“தெரியும்ணா” என்றேன்.

“மண்டபத்துப் பேரு இன்னா?”

சொன்னேன்.

“அட! அத அப்பவே பாத்தமே! நா வண்டிய ஸ்லோ பண்ணி ‘மேரேஜ் சார், மேரேஜ்’ன்றேன். அவுரு ‘கிராஸ், கிராஸ்’னு முன்னாடி கையக் காட்றாரு. மொதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? இப்ப குமராட்சில நிக்கிறோம்.”

காருக்கு டிரைவர் என்று ஒருவர் இருப்பார், அவருக்குத் தமிழ் தெரியும் என்பது அந்த நிமிடம்வரை என் மூளையைக் கிராஸ் பண்ணவே இல்லை.

முதலில் சிரித்தது அக்காதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “மாமா, அவுரு வர்றப்ப வரட்டும். நேரம் போயிடும், கட்டச் சொல்லுங்க” என்றாள் சம்பந்தியிடம். மணவறையில் இருக்கும் பெண் அப்படிப் பேசியதில் அவர் ஆடிப்போனார். அவர் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டார். பத்து இருபதுக்குக் கெட்டிமேளம்.

ஹாரிஸ் பத்தே முக்காலுக்கு வந்தார். வெல்வெட் நாற்காலியில் உட்காரும் முன்பே, போனில் பேசிய பெண் யார் என்று விசாரித்து என்னிடம் வந்தார். வழி தவறியதற்கு மன்னிப்புக் கேட்டார். என் உச்சரிப்பு மிகத் தெளிவாக இருந்ததாகவும், நான் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்ததாகவும் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திங்கள்கிழமை வகுப்புக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். தனசேகர் வந்தார். அவரைச் சார்ட் பக்கத்தில் நிறுத்தி, “சார், வாத்து பாடத்த நீங்க எடுங்க” என்று குச்சியைக் கொடுத்துவிட்டேன். என்னைவிட நன்றாகவே எடுத்தார்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வரும் வழியை அப்பா படமாகவே போட்டுவிட்டார். நான் புரூஃப் பார்த்தபோது இல்லாத ஒரு வரி, அச்சாகி வந்த ஐந்நூறு பத்திரிகையிலும் படத்துக்குக் கீழே இருந்தது. சேர்க்கச் சொன்னது அக்காவும் அவள் கணவரும். எங்கள் வீட்டில் யாராவது போனில் வழி கேட்டால் இன்றைக்கும் அந்த வரியைத்தான் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்:

‘வழி தெரியாதவர்கள் மணமகளைத் தவிர வேறு யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.’