பேஸ்மென்ட் சூடாக்கல் ஆய்வுக் குழு

உலகத்தின் கேடெல்லாம் அவசரப்பட்டு முடிவெடுத்தவர்களால் வந்தது. டனிஸ்ரனால் ஒரு கேடும் வந்ததில்லை. ஆராயாமல் அவன் ஒரு ஆணிகூட அடித்தவனல்ல.

காலை ஆறு பத்துக்கு எழும்புவான். பல் துலக்குவான். தேத்தண்ணி போடுவான், ஒரு கோப்பை. ஆறரைக்குப் பேஸ்மென்ட் படியிறங்கி, சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து, நீலக் கொப்பியில் எழுதுவான். இன்று ஒன்பது பாகை. நேற்றும் ஒன்பது.

அஹுன்ட்சிக் பகுதியில் அந்த வீட்டை வாங்கியபின் இது மூன்றாவது குளிர்காலம். மேல்வீட்டைக் கொதிகலனின் சுடுநீர் சூடாக்குகிறது. பேஸ்மென்ட்டில் பூசாத சுவர், வெறும் கொங்கிரீட். அதன் ஒரு மூலைக்குப் பெயர் ‘தச்சுப் பட்டறை’. அங்கேயும் கொஞ்சம் சுடுநீரைத் திருப்பிவிட வேண்டும். எப்படித் திருப்புவது என்று தீர்மானிக்க ஓர் ‘ஆய்வுக் குழு’ அமைந்தது. தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் டனிஸ்ரன். கூட்டத்துக்கு வரவு எப்போதும் முழுமை.

குழு கண்ட வழிகள் மூன்று. சுவரோரம் ரேடியேட்டர்: அடக்கமானது, ஆனால் மெதுவாகச் சுடும். கூரையில் விசிறி வைத்த சுடுநீர்ப் பெட்டி: வேகமானது, ஆனால் மரத்தூளைக் கிளப்பும். தரைக்கடியில் குழாய்: பாதத்துக்குச் சுகம், ஆனால் தரையை உடைக்க வேண்டும். மூன்றுமே சிறந்தவை என்பதால் குழு ஒன்றையும் எடுக்கவில்லை.

பட்டறையின் முதல் உற்பத்தி ஒரு ஸ்டூல். போன குளிர்காலத் தொடக்கத்தில் மனைவி சுதாஜினி கேட்டது. அவள் ஆள் கட்டை, குசினியின் மேல்தட்டு எட்டாது, புட்டுக்குழல் அங்கேதான் இருந்தது. ஸ்டூலின் கால்கள் நான்கையும் பலகையையும் அவன் ஒரே நாளில் அறுத்துவிட்டான். ஆனால் பன்னிரண்டு பாகைக்குக் கீழே பசை பிடிக்காது என்று போத்தலில் எழுதியிருந்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. இரண்டு மொழியில் சொன்னதை மீறலாமா?

போன பெப்ரவரியில் சுதாஜினி குசினியில் விழுந்தாள். தலையில் அடி. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில், கண் திறக்காமலே போய்விட்டாள்.

குழு கலைக்கப்படவில்லை.

இன்று றெக்ஸ் வந்தான். சுதாஜினியின் அண்ணன், கொதிகலன் வேலைதான் அவன் தொழில். வான் வண்டியிலிருந்து ஒரு பழைய ரேடியேட்டரை இறக்கினான்.

“ஒரு வீட்டில கழட்டினது. அரை நாள் வேலை மச்சான்.”

“குழு இன்னும் முடிவெடுக்கல்ல.”

“எந்தக் குழு?”

“நான்தான்.”

“அப்ப குழுவக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. குழாய் வெட்டணும்.”

மதியத்துக்குள் பதினாறு பாகை. நீலக் கொப்பியில் அப்படி ஓர் எண் குளிர்காலத்தில் விழுந்ததே இல்லை. கையைத் துடைத்தபடி றெக்ஸ் மேசையில் கிடந்த மரத்துண்டுகளைப் பார்த்தான்.

“என்ன இது?”

“ஸ்டூல். சுதாக்கு.”

“ஒட்டல்லயா?”

“இந்தக் குளிருக்குப் பசை பிடிக்காது.”

றெக்ஸ் கூரையைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். “மேல குசினி இருபத்தொரு பாகை. அங்க கொண்டுபோய் ஒட்டியிருக்கலாமேடா.”

இந்த நான்காவது வழி குழுவின் கவனத்துக்கு வந்திருக்கவில்லை.

றெக்ஸ் கொப்பியைப் புரட்டினான். ஒரு நாளும் விடுபடவில்லை. பெப்ரவரி பதினொன்றில் அவன் விரல் நின்றது. அவள் விழுந்த நாள். ஒன்பது பாகை.

“அண்டைக்கும் அளந்தயா?”

“ஆறரைக்கு. அவ விழுந்தது ஏழுக்கு.”

நல்ல குழு என்றால் பொதுமக்களின் கருத்தையும் பதிய வேண்டும். அந்தப் பக்கத்தின் அடியில் அது பதிவாகியிருந்தது. படியின் மேலே நின்று, ஸ்டூல் எப்ப முடியும் என்று பொதுமக்கள் கேட்டார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று குழு கீழேயிருந்து அறிவித்தது. பொதுமக்கள் சிரித்தார்கள். பிறகு அவள் சொன்னதை, ஒரு சொல்லும் மாற்றாமல், டனிஸ்ரன் எழுதியிருந்தான்:

“சரி, நீங்க ஆறுதலா ஆராய்ங்க. நான் மேசைக் கதிரையில ஏறிப் புட்டுக்குழல எடுக்கிறன்.”