உஷ் கண்டக்டரின் லேப்டாப்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் சத்தம் போடாமல் பிழைத்த ஒரே மனிதர் உஷ் கண்டக்டர்தான். பூ விற்கிற அம்மாவிலிருந்து ஷேர் ஆட்டோக்காரர் வரை அங்கே எல்லோரும் தொண்டையைத்தான் முதலாகப் போட்டிருந்தார்கள். இவர் மட்டும் அதை முழுசாகத் திறக்காமலே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார்.

அவர் சென்டரும் என் ஜெராக்ஸ் கடையும் ஒரே அறை. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. யார் வாயைத் திறந்தாலும் அவர் முதலில் சொல்வது 'உஷ்' என்பதுதான், அதுவே பெயராகிவிட்டது.

"ஏன் சார், சத்தம்னா இப்டி ஆவுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முப்பது வருஷம் வாலாஜாபாத் ரூட்ல கத்திக்கினே இருந்தேம்மா. எனக்குன்னு ஆண்டவன் குடுத்த சத்தம் தீந்துபோச்சி" என்றார். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அவர் கடைக்குச் சில சட்டங்கள் உண்டு. செருப்பு 'சப் சப்' என்று அடிக்கும், அதனால் வாசலோடு சரி. போனில் வரும் ஓடிபி எண்ணைக் கத்திச் சொல்லக் கூடாது, காதில் சொல்ல வேண்டும். பெரிய மீசை வைத்த ஆட்கள்கூட வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவர் காதருகே குனிந்து ஆறு எண்களை ஓதிவிட்டுப் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது மந்திர உபதேசம் மாதிரி இருக்கும். என்னையும் விடவில்லை. "பஸ்சு ஹாரன் அடிக்கிறப்போ ஜெராக்ஸ் போடும்மா. ரெண்டு சத்தமும் ஒண்ணா போயிடும்" என்பார். ஆதார் நகல் எடுக்க வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு நான் காஞ்சிபுரம் பஸ்சுக்காகக் காத்திருந்த நாட்கள் உண்டு.

இப்படிப்பட்டவருடைய லேப்டாப்தான் ஒருநாள் காலையில் உறும ஆரம்பித்தது.

அவர் முதலில் என் மிஷினைச் சந்தேகப்பட்டார். நிறுத்தினேன். பக்கத்து ஜூஸ் கடைக்குப் போய் மிக்சியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். வெளியே நின்றிருந்த லாரியின் பேனட்டில் காது வைத்துக் கேட்டார். பிறகு உள்ளே வந்து, மேசை மேல் குனிந்து, லேப்டாப்பிலும் காதை வைத்தார்.

"யம்மா, இங்க வா. நம்முளுதுதான் கத்துது."

சொந்தப் பிள்ளையே டிக்கெட் வாங்காமல் செக்கிங்கில் மாட்டிக்கொண்டது போல இருந்தது அவர் முகம்.

"சவுண்ட ஜீரோல வெச்சிகீறேன். அப்பவும் கத்துது பாரு."

"சார், அது பாட்டு சத்தம் இல்ல. உள்ள கீற ஃபேன் சத்தம்."

"இத்தினிக்காண்டு பொட்டிக்குள்ள ஃபேன் எதுக்கு?"

"சூடாவாம இருக்கறதுக்கு சார்."

"நான்கூடத்தான் சூடாவறேன். கத்துறனா?"

லேப்டாப்பைக் காஞ்சிபுரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் எடுத்துப் போனார். மெக்கானிக் பிரித்து, உள்ளே இருந்து ஒரு கோலி உருண்டை அளவுக்குப் பஞ்சும் மண்ணும் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினார். பத்து நாள் நன்றாக இருந்தது. பதினோராம் நாள் காய்ந்த மிளகாயை மிக்சியில் போட்டது மாதிரி ஆரம்பித்தது. போன் செய்தால், ஃபேனையே மாற்ற வேண்டும், சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார் மெக்கானிக்.

"அதுவரிக்கும் அத்த கயட்டி வெச்சிடலாமா?"

"கயட்டினா பொட்டி வெந்துடும் சார்" என்றேன்.

அந்த ஒரு வாரத்தை அவர் சும்மா கடத்தவில்லை. முதல் நாள் கயிற்றுப் பாய் ஒன்றை அடியில் போட்டார். மறுநாள் போர்வையை நாலாக மடித்து வைத்தார். மூன்றாம் நாள், மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்து லேப்டாப்பை அதற்குள் உட்கார வைத்தார். திரையைப் பார்க்க முன்பக்கம் ஒரு கண்ணாடித் தாள். கை நுழைக்க இரண்டு ஓட்டை. குறைப்பிரசவக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுத் தொடும் டாக்டரைப் போல டைப் அடித்தார். கடை முழுக்க வஞ்சிர மீன் வாசனை. ஆனால் சத்தம் நிஜமாகவே குறைந்திருந்தது.

"கேக்குதா? கேக்கல இல்ல?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் திருமுக்கூடலிலிருந்து ரோசம்மா என்கிற அம்மா, மகள் ஸ்டெல்லாவோடு வந்தார். கழனி வேலை செய்கிறவர். ஸ்டெல்லாவுக்கு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும். அன்றைக்குத்தான் கடைசி நாள், ஐந்து மணியோடு சரி. ஊர்ப்பக்கம் எத்தனையோ சென்டர் இருந்தும், பழைய கண்டக்டர் போட்டால் தப்பு வராது என்று நம்பி பஸ் ஏறி வந்திருந்தார்கள்.

மூன்றரைக்குக் கண்டக்டர் ஆரம்பித்தார். இணையம் நத்தை மாதிரி நகர்ந்தது. ஐந்து பக்கம் முடித்து, ஸ்டெல்லாவின் போட்டோவை ஏற்றும்போது கண்ணாடித் தாளுக்குப் பின்னால் எல்லாம் இருண்டுவிட்டது.

"இன்னா சார், கருப்பாயிடுச்சி?" என்றார் ரோசம்மா.

அவர் ஓட்டைக்குள் தடவிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "நெருப்பா கீது."

ஸ்டெல்லா மார்க் ஷீட் மடங்கிவிடக் கூடாதென்று கவரை அதுவரை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். அது இப்போது மடியில் சரிந்தது.

"மூணு வருஷமா நர்ஸு நர்ஸுன்னு சொல்லிக்கினு கீது சார் இந்தப் பொண்ணு. வேற கடைக்கு ஓடட்டுமா?"

"எங்கயும் போவாத. உக்காரு."

லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "உன் ஸ்டாண்டு ஃபேன கொண்டாம்மா." என் ஃபேன் ஓடினால் கழுத்து லொடலொடவென்று ஆடும். அதைத் தெரிந்தே கேட்டார். மேசைக்கு எதிரில் வைத்து மூன்றாம் நம்பரை அவரே திருகினார். சூடு தணிந்து லேப்டாப் மறுபடி உயிர் பெற்றபோது மணி நாலு பத்து. அடித்தது எதுவும் மிச்சமில்லை, முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

லேப்டாப் கிறீச்சிட்டது. என் ஃபேன் லொடலொடத்தது. வெளியே மூன்று பஸ் ஹாரன். வழக்கமான குரலில் அவர் ஏதோ கேட்டார். "ஆங்?" என்றார் ரோசம்மா. மறுபடி கேட்டார். மறுபடியும் "ஆங்?"

அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு, பக்கத்திலேயே இருந்தும் இரண்டு வருடமாக நான் கேட்டிராத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது.

"ஊரு?"

"திருமுக்கூடல் சார்."

"பத்தாவது எங்க படிச்ச?"

"பழையசீவரம்" என்றாள் ஸ்டெல்லா.

"பன்னெண்டாவது?"

"வாலாஜாபாத்."

அடித்ததை ஒருமுறை வாய்க்குள்ளேயே படித்துச் சரிபார்ப்பது அவர் வழக்கம். "திருமுக்கூடல், பழையசீவரம், வாலாஜாபாத்" என்று இப்போது அதே பெரிய குரலில் படித்தார். மூன்றும் அவர் பழைய ரூட்டின் நிறுத்தங்கள். முப்பது வருடப் பழக்கம், ராகத்தோடு வந்துவிட்டது.

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். விதைநெல் மூட்டையோடு ஒருவர் எங்கள் படியேறி, "பஸ்சு எங்க நிக்கிது சார்?" என்றார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அதற்குள் ஒருவர் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்.

"இது அப்ளிகேஷனுய்யா, எறங்கு" என்றார் கண்டக்டர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யாரும் இறங்கவில்லை. விஷயம் தெரிந்ததும் நின்று பார்த்தார்கள். நாலு ஐம்பதுக்கு ஓடிபி வந்தது. ரோசம்மா சட்டப்படி எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு அவர் காதருகே குனிந்தார்.

"கத்திச் சொல்லும்மா, பரவால்ல."

ரோசம்மா கத்தினார். காதில் விழாதோ என்று விதைநெல்காரரும் சேர்ந்து கத்தினார். நாலு ஐம்பத்தாறுக்குப் பதிவு எண் வந்தது. ஸ்டெல்லா அதைக் கையிலேயே எழுதிக்கொண்டாள். நான் எந்த ஹாரனுக்கும் காத்திராமல் விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மாதக் கடைசியில் செங்கல்பட்டில் அவளுக்கு இடம் கிடைத்தது. விண்ணப்பம் போட்ட மூன்றாம் நாளே புது ஃபேன் வந்துவிட்டது. லேப்டாப் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அமைதி.

ஆனால் கத்திய அன்று சாயங்காலத்தோடு கண்டக்டரின் தொண்டை முழுசாகக் கட்டிக்கொண்டது. நாலு நாள் துண்டுச் சீட்டில்தான் பேச்சு. கடைக்கு வந்தவர்கள் இதுவும் ஒரு புதுச் சட்டம் என்று நினைத்து, அவர்களும் எழுதியே பதில் சொன்னார்கள். நான் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சி பிளாஸ்கில் கொண்டுவந்து தடுப்புக்கு மேலாக நீட்டுவேன். வாங்கிக்கொண்டு தலையாட்டுவார்.

அவர் ஆசைப்பட்ட அமைதி அந்த நாலு நாளும் கடையில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை அந்தப் பக்கத்திலிருந்து, "யம்மா, டீ சொல்லட்டுமா?" என்று மெல்லக் கேட்டது. நான் காதில் விழாத மாதிரி இருந்தேன், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று.