ஒரு விரல், இரண்டு கிண்ணங்கள்

"நாளைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் அண்ணி, ரத்தம் சுத்தமாயிடுச்சுன்னு தீர்க்கதரிசியே..."

"யாரோட ரத்தம்? உன்..."

"ஒலிபெருக்கியில சொல்லிட்டாரு, ஊரே கேட்டுச்சு."

"உன் விரல்ல எடுத்தது, செவா. கட்டில்ல கிடக்குறது உன் அண்ணன்."

"ஒரே தாய், ஒரே ரத்தம். வேற குலத்துலருந்து வந்த உங்களுக்கு அது புரியாது."

அசாந்தி இனத்தார் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிட்டால் மனைவி வாயை மூடிக்கொள்ள வேண்டும். ரத்தம் தாய்வழி வருவது. கணவன் உடம்புக்கு முடிவெடுப்பவர் அவனுடைய தாய்மாமன். பிராகோ வாயை மூடிக்கொண்டாள்.

குமாசி நகரத்தில் பாதி அப்போது தீர்க்கதரிசி ஓபிரியின் முற்றத்தில்தான் இருந்தது. மீதிப் பாதி அவரை வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தது. முறை எளிது. வெள்ளைக் கிண்ணத்து ஜெபநீரில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் நுரைத்துப் பொங்கும். அது நோய். அவர் விற்கும் கசப்புக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வந்தால் நீலக் கிண்ணத்தில் ஒரு சொட்டு. பொங்காது. அது குணம். நோயாளி அலைய வேண்டியதில்லை, தாய்வழியில் யார் விரலும் போதும். ஆகையால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் நல்ல ஆரோக்கியமாக இருந்தார்கள். தம் முற்றத்துக்கு வந்த ஒருவரும் செத்ததில்லை என்று ஓபிரி சொன்னது முழு உண்மை.

ஆஸ்பத்திரியிலும் ரத்தம்தான் பார்த்தார்கள். பிராகோவின் கணவன் போவாடிக்குப் பெருங்குடலில் புற்று. உடம்பின் காவல்காரர்களைத் தட்டியெழுப்பிப் புற்றோடு மோதவிடும் மருந்தை ஏற்றினார்கள். அதை எப்போது நிறுத்தலாம் என்று அறிய, புற்றின் துணுக்குகள் ரத்தத்தில் இன்னும் மிதக்கின்றனவா என்று தேடினார்கள். குறைந்திருக்கிறது, தீரவில்லை, இப்போது நிறுத்தினால் திரும்ப வளரலாம் என்றார் டாக்டர். அதைச் சொல்லவே வாரக்கணக்காயிற்று. நுரையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. யார் நம்புவார்கள்? மருந்தால் உடம்பெல்லாம் அரித்துக் களைத்துப்போன போவாடியே நிறுத்திவிடலாம் என்றுதான் முனகினான்.

பிராகோ அவன் தாய்மாமன் பொன்சுவிடம் போனாள். ஒரே ஒரு தடவை உங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டுகிறேன், பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்றாள். கிழவர் தடியை எடுத்துக்கொண்டார். தான் சொல்லும்வரை வாய் திறக்கக் கூடாது என்று செவாவுக்கு உத்தரவு போட்டார்.

முற்றத்தில், போவாடிக்காக யார் வந்திருப்பது என்று ஓபிரி கேட்டதும் பிராகோ தன் விரலை நீட்டினாள். ஊசி குத்தியது. நீலக் கிண்ணத்தில் சொட்டு விழுந்து அமைதியாகக் கரைந்தது.

"உன் அண்ணன் ரத்தம் பளிங்கு மாதிரி இருக்கும்மா. நாளைக்கு மருந்து ஏத்த வேண்டாம்."

"அவ தங்கச்சி இல்ல ஐயா," என்றார் பொன்சு. "பொண்டாட்டி. குலம் வேற."

ஓபிரி கண்களை மூடினார். தீர்க்கதரிசிகள் யோசிப்பது அப்படித்தான். கல்யாணத்தில் ரத்தம் கலந்துவிடும் என்று அறிவித்தார். அசாந்திக் குலங்கள் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் ஒழிந்தன. கூட்டம் ஆமென் சொன்னது.

பிராகோ அதே விரலை அமுக்கி, பக்கத்திலிருந்த வெள்ளைக் கிண்ணத்தின் மேல் பிடித்தாள். சீடன் தட்டிவிடுவதற்குள் சொட்டு விழுந்துவிட்டது. குபுகுபுவென்று பொங்கியது.

"ஒரே விரல். இதுல குணம், அதுல நோய். இப்ப எனக்கு என்ன இருக்கு ஐயா?"

ஓபிரி மறுபடி கண்களை மூடினார்.

பொன்சு கிண்ணத்து நுரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போர்த்தியிருந்த துணியை விலக்கினார். முழங்காலுக்குக் கீழே ஆறாத புண். கிண்ணத்தை எடுத்து அதன்மேல் சரித்தார். புண்ணும் நோய் கண்டதுபோல் நுரைத்தது.

"புண் கழுவுற மருந்துக்கடைத் தண்ணி. யார் ரத்தம் பட்டாலும் பொங்கும். தினம் இதுலதான் கழுவுறேன்," என்றார். "போவாடி நாளைக்கு ஆஸ்பத்திரி போறான்."

ஓபிரிக்கு அவசரமாக வேறெங்கோ ஜெபம் இருந்தது. பின்வாசல் வழியாகப் போனார். நீலக் கிண்ணத்தில் மிச்சமிருந்தது குழாய்த் தண்ணீர்.

வரிசை கலையவில்லை. ஜெபம் முடிந்து எப்போது திரும்புவார் என்று ஒருவர் விசாரித்தார். இன்னொருவர் தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். செவா குத்துப்பட்ட தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிராகோ வரிசையைப் பார்த்துக் கேட்டாள்:

"நோயாளியை வீட்டுல படுக்கவெச்சிட்டு, நல்லா இருக்குற நீங்க இங்க வந்து குணமாகிட்டுப் போறீங்களே, விரலை நீட்டுறதுக்கு முன்னாடி ஒருத்தராவது யோசிச்சீங்களா?"